யானையைக் கொடுத்த ஆட்டம்

இந்த வாரம் மஞ்சள் வேக வைக்கறதைப் பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். மனசுல வேற ஒண்ணு கிடக்குது, அதை இறக்கி வெச்சுட்டு வர்றேன்.

எனக்கு செஸ் ஆடத் தெரியும்னு இங்க பல பேருக்குத் தெரியாது. 1988ல ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆன சேதி பேப்பர்ல வந்தப்ப, நானும் என் கூட்டாளியும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு கோபியில ஒரு போர்டு வாங்கினோம். அவன் விதிப் புத்தகம் பார்த்துக் கத்துக்கிட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தான். பிறகு பரீட்சை எழுதி உத்தியோகத்துக்குப் போனான். நான் பத்தாவதோட தோட்டத்துக்கு வந்துட்டேன். இப்ப ரிட்டயர்டு ஆகி, கோயமுத்தூர்ல மகள் வீட்டு நாலாவது மாடியில இருக்கறான்.

ரெண்டு வருசமா போன்லயே ஆடறோம். ஒரு காய் நகர்த்த ஒரு நாள் அவகாசம் இருக்கற மாதிரி வெச்சிருக்கோம். எனக்கு அது தோது. ராத்திரி பத்து மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்தாத்தான் வாழைக்குத் தண்ணி கட்ட முடியும். மோட்டார் ரூம்ல கயித்துக் கட்டில்ல உக்காந்து காத்திருக்கற நேரத்துல, அவன் என்ன நகர்த்தியிருக்கான்னு பார்ப்பேன்.

பத்து ஆட்டம் ஆடினா எட்டு அவன்தான் ஜெயிப்பான். முப்பது வருசம் அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. போன வருசம் ஒரு ஆட்டம் முடிஞ்சப்ப, "மாப்ளே, நீ அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கறடா"ன்னு அனுப்பினான். பிரியமாத்தான் சொல்லியிருப்பான். ஆனா அன்னைக்கு வாழைத்தார் விலை விழுந்திருந்தது, சேத்துக் காலோட உக்காந்திருந்தேன். சுருக்குனு தைச்சுது.

என் அக்கா பேரன் காலேஜ்ல படிக்கறான். முடிஞ்ச ஆட்டத்துல எங்க தப்பு பண்ணினோம்னு பார்க்கறதுக்கு ஸ்டாக்ஃபிஷ்ங்கற எஞ்சினை எனக்குக் காட்டிக் கொடுத்தவன் அவன்தான். காசில்லாமக் கிடைக்கும். 1997லயே காஸ்பரோவை ஒரு கம்ப்யூட்டர் ஜெயிச்சிருச்சு. இன்னைக்குச் சட்டைப் பையில இருக்கற போனை உலகச் சாம்பியனாலயும் ஜெயிக்க முடியாது. முடிஞ்ச ஆட்டத்தை அதுல போட்டுப் பார்க்கறது தப்பில்ல. நான் முடியாத ஆட்டத்தைப் போட்டேன்.

ஒரே ஒரு தடவை, என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்னுதான் வீட்டுக்காரம்மா போனை எடுத்தேன். யானையைக் கொடுக்கச் சொல்லுச்சு. எதுக்குன்னு எனக்குப் புரியல. கொடுத்தேன். அடுத்த நாள் அவன் யானையை வெட்டிட்டான். இப்ப நான் என்ன பண்ணணும்? அந்த யானையைக் கொடுத்தது நான் இல்லையே, மேல எப்படிக் கொண்டு போறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் அதைத்தான் கேக்க வேண்டியிருந்தது. கடைசி வரைக்கும் கேட்டேன். ஒரு மூவு மட்டும் திருடலாம்னு நினைக்கறவங்க மாட்டிக்கறது இங்கதான்.

ஜெயிச்சேன். "பிரமாதம்டா!"ன்னு உடனே போன் பண்ணினான். பேத்திகிட்டயும் சொன்னானாம். அப்புறம் மூணு ஆட்டம் அப்படியே ஆடினேன்.

எங்க ஊர்ல வாய்க்கால் தண்ணியத் திருடறவங்க உண்டு. ராத்திரி அடுத்தவன் மடையை அடைச்சுத் தன் வயலுக்குத் திருப்பிக்குவாங்க. தப்புதான், ஆனா காரணம் இருக்குது, பயிர் காயுது. செஸ்ல திருடி என்ன கிடைக்குது? பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் ஏறும். அதுக்குப் போய் யாரு பண்ணுவாங்கன்னு முன்னால நானே சிரிச்சிருக்கேன்.

பெரிய எடத்துலயும் நடந்திருக்குது. 2021 ஜூன்ல, கொரோனா நிதிக்காக ஆனந்த் பிரபலங்களோட ஆன்லைன்ல ஆடினார். அதுல ஒரு தொழிலதிபர் அவரை ஜெயிச்சுட்டார். மறுநாளே, கூட ஆளுங்களும் கம்ப்யூட்டரும் உதவினதை ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டார். அந்தக் கோடீஸ்வரருக்கு என்ன குறைச்சல்? 2022ல மாக்னஸ் கார்ல்சனை ஜெயிச்ச ஹான்ஸ் நீமனும், 12 வயசுலயும் 16 வயசுலயும் ஆன்லைன்ல ஏமாத்தினதை ஒத்துக்கிட்டார். போர்டுல நேருக்கு நேர் ஆடி ஜெயிச்சதுல ஏமாத்தலைன்னு உறுதியாச் சொன்னார்.

சைட்டுக்காரங்க கண்டுபிடிக்கவும் செய்யறாங்க. எஞ்சின் சொல்ற மூவோட நம்ம மூவு எத்தனை தடவை ஒத்துப் போகுதுன்னு பார்க்கறாங்க. லேசான மூவுக்கும் கஷ்டமான மூவுக்கும் ஒரே நேரம் எடுத்துக்கிட்டாலும் சந்தேகம்தான். கணக்கை மூடிருவாங்க. ஆனா எனக்கு அந்தப் பயமே வரல. மோட்டார் ரூம்ல யாரு இருக்கா? டீக்கடைத் திண்ணையில ஆடினப்ப சுத்தி நாலு பேர் நிப்பாங்க. காயைத் தொட்டுட்டா அதைத்தான் நகர்த்தணும்னு எவனாவது கத்துவான். எதிர்ல அவன் மூஞ்சி இருக்கும். போன்ல மூஞ்சி இல்ல.

நம்பருக்காகப் பண்ணலைங்க நான். அவனை ஜெயிக்கணும்னுகூட இல்ல. அவன் பென்சன்காரன், நான் இன்னும் மடை வெட்டறேன். அவனுக்குச் சரிசமமா நிக்கறதுக்கு எனக்கு அந்த அறுபத்தி நாலு கட்டம்தான் இருந்துச்சு. அந்த "பிரமாதம்டா"வுக்காகப் பண்ணினேன். கிடைச்சதும் அது என்னுதில்லைன்னு ஆயிருச்சு. அதுக்கப்புறம் அவன் போன் வந்தா வயல்ல இருக்கேன்னு சொல்லி வெச்சுருவேன்.

போன செவ்வாக்கிழமை நானே கூப்பிட்டுச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. மேல ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேட்டுது.

"தெரியும்டா"ன்னான்.

"எப்பத் தெரியும்?"

"நீ யானையைக் கொடுத்தப்பவே. சிப்பாயைக்கூட வுட்டுக் கொடுக்காத கருமி நீ. நீயாவது யானையைக் கொடுக்கறதாவது."

"அப்புறம் ஏன்டா பிரமாதம்னு சொன்ன?"

"வேறென்ன சொல்றது? திருட்டு ஆட்டம்னு சொன்னா நீ ஆடறதையே நிறுத்திருவ. இந்த நாலாவது மாடியில எனக்குப் பேசறதுக்கு யாரு இருக்கா?"

அதுக்கு மேல எனக்கும் பேச்சு வரல. பங்குனியில மாரியம்மன் நோம்பிக்கு வாடான்னு மட்டும் சொன்னேன். பழைய போர்டு பரண் மேல இருக்குது. ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் காணோம், அதுக்குப் பதிலா முன்னாடி ஒரு புளியங்கொட்டை வெச்சு ஆடுவோம்.

இப்ப போன்ல ஒரு ஆட்டம் ஓடிட்டிருக்குது. எனக்கு ரெண்டு சிப்பாய் போயிருச்சு, ராணியும் மூலையில மாட்டிக்கிச்சு. வீட்டுக்காரம்மா போனை அவங்களே வெச்சிருக்காங்க. மணி ஒம்பதே முக்கால். கரண்ட் வர்றதுக்குள்ள ஒரு காய் நகர்த்தணும்.