ஊசியும் உத்தரவும்

1879-ல் திருவிதாங்கூர் ராஜாங்கம் ஓர் உத்தரவு போட்டது. அரசு ஊழியர், பள்ளி மாணவர், ஜெயில் கைதி மூன்று பேரும் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும். மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை, இருபது வருஷமாக வங்கி உத்தியோகம் :-) நான் இப்போது குப்பை கொட்டும் மட்டாஞ்சேரி அன்றைக்குக் கொச்சி ராஜ்யம். எல்லை தாண்டினால் அந்த உத்தரவு செல்லாது. அம்மைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

கட்டாயம் என்றதும் கோபப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2016-ல் மலப்புறத்தில் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் இறந்தபோதும் சரி, 2017 அக்டோபரில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை-ருபெல்லா ஊசி என்று கேரள அரசு கிளம்பி, வாட்ஸப்பில் வதந்தி பறந்தபோதும் சரி, இதே பேச்சுதான். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் என் தம்பி.

கோவில்பட்டியில் இருக்கிறான். மகனுக்கு ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போட்டு எட்டாம் நாள் காய்ச்சல், கூடவே வலிப்பு. "காய்ச்சல் வேகத்தில் சில குழந்தைகளுக்கு வரும், பின்னால் ஒன்றும் செய்யாது" என்றார் டாக்டர். உண்மைதான், பையன் இப்போது நாலு வயதில் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறான். ஆனால் குழந்தையின் கண் மேலே செருகியதைப் பார்த்தவன் தம்பி. இரண்டாவது டோஸ் போடவேயில்லை. "அண்ணே, மறுபடி ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? நீங்களா, கவர்மெண்டா?"

இந்தப் பக்கம் என் வீட்டுக்கார உம்மா. நான் மாடியில் குடியிருக்கிறேன், கீழே அவர் குடும்பம். பேரனுக்கு ரத்தப் புற்றுநோய், மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிகிச்சை நடக்கும்போது தட்டம்மை ஊசி போடக்கூடாது, அதில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. சுற்றியிருப்பவர்கள் போட்டிருந்தால்தான் அவனுக்குப் பாதுகாப்பு. காற்றிலேயே பரவுகிற நோய், நூற்றுக்கு 95 பேராவது போட்டிருக்க வேண்டும். உம்மா கேட்டிலேயே சட்டம் போட்டுவிட்டார். யார் பிள்ளையோடு வந்தாலும் முதல் கேள்வி ஊசி போட்டாயிற்றா என்பதுதான். 1879 உத்தரவைவிடக் கறார்.

எனவே கட்டாயம் வேண்டும் என்பதே என் கட்சி. பள்ளியில் சேர்க்கும்போது ஊசி அட்டையைக் கேட்கலாம். கையைப் பிடித்து ஏற்றுவது கூடாது. 2022 மே மாதம் கொரோனா ஊசி வழக்கில் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: வற்புறுத்தி ஊசி போட முடியாது, பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்? இங்கேதான் பி.காம் புத்தி குறுக்கே வருகிறது. 1960-ல் இதே கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்க் மூழ்கியது. பணம் போட்ட ஜனங்கள் தவித்துப் போனார்கள். பாங்க்கை நம்புங்கள் என்று பிரசங்கம் செய்தால் யார் கேட்பார்கள்? 1961-ல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 2020 முதல் 5 லட்சம் வரை காப்பீடு, பிரீமியம் கட்டுவது வங்கி.

தடுப்பூசிக்கும் இப்படிச் செய்த நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் 1979-லேயே சட்டம். ஊசியால் கடுமையாக ஊனமானால் அரசு பணம் தரும், யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். (அங்கே ஊசி கட்டாயம்கூட இல்லை!) அமெரிக்காவில் ஊசி விலையிலேயே ஒரு நோய்க்கு 75 சென்ட் வரி பிடித்து நிதி வைத்திருக்கிறார்கள். இங்கே 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அந்தப் பெற்றோரிடம் போய்க் கட்டாயம் என்று சொல்ல எந்த அதிகாரிக்கு நாக்கு எழும்? கட்டாயம் என்கிற சட்டத்திலேயே இழப்பீடும் ஒரு பிரிவாக இருக்கட்டும். கட்டாயப்படுத்துகிறவர் பிரீமியம் கட்டட்டும்.

தம்பி மகன் மாதிரி தானாகச் சரியானதற்கு அந்த இரண்டு நாடுகளிலும் காசு கிடைக்காது. அவன் கேட்டதும் காசு இல்லை. பொறுப்பு யார் என்று எழுத்தில் இருந்தால் அவன் மறுபடி யோசிப்பான் என்று நினைக்கிறேன்.

மே லீவுக்குக் குடும்பத்தோடு கொச்சி வருகிறேன் என்கிறான். உம்மா வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அப்ப நாங்க எங்கண்ணே தங்குறது?" என்றான். எர்ணாகுளத்தில் லாட்ஜ் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.