நனையாத கோட்டு

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதிக்காரர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது 8 தடைகளைப் போட்டார்கள். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது என்று ஒன்று. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது என்று இன்னொன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் அந்த 8 தடைகள் 11 ஆயின. ஹட்டன் தமது சாதி பற்றிய நூலில் இதையெல்லாம் பதிந்திருக்கிறார்.

மழையில் நனைந்தே ஆகவேண்டும் என்பதும் ஒரு சாதிச் சட்டம்தான்.

என் காலத்தில் எங்கள் ஊரில் அது எழுதாமலே நடந்தது. அப்பா நீர்பாய்ச்சி. அடைமழை ராத்திரியில் கண்மாய்க் கரையைக் காவல் காத்து, மடையைத் திறந்து அடைக்கிற வேலை. ஊரார் வயல் காயாமலிருக்க அவர் நனைய வேண்டும். கோணிச்சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு போவார். கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்புறம் சாக்கு தண்ணியைக் குடித்து ஆளையே அமுக்கும்.

மதுரையில் பழைய துணி விற்கிறவரிடம் காக்கிக் கோட்டு ஒன்று வாங்கி வந்தார். பருத்தித் துணி, தண்ணி நேரே உள்ளே இறங்கும். அம்மாதான் வழி கண்டது. கோட்டைத் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தது. தோளிலும் தையல் ஓரங்களிலும் ரெண்டு தடவை. பிறகு பித்தளைச் சொம்பில் கங்கு போட்டு மேலே இழுக்க, வெள்ளையாய்ப் படிந்த மெழுகு உருகி நூலுக்குள் இறங்கியது. துணி கொஞ்சம் விறைத்தது. "இதப் போட்டுக்கிட்டுப் பீடி பத்த வச்சுறாதீக, குப்புனு பிடிச்சிரும்" என்றது. சோப்புப் போட்டால் மெழுகு போய்விடும் என்று, அழுக்கைப் பச்சைத் தண்ணியில்தான் துடைக்கும். வருசாவருசம் ஐப்பசி பிறக்குமுன் மறுபடி தேய்க்கும்.

கரையில் ஒரு சம்சாரி பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னடா, தொரை மாதிரி கோட்டு? நனஞ்சா கரைஞ்சா போயிருவ?"

"நனையாமத் தொறந்தாலும் மடையில தண்ணி வருமுங்கய்யா."

அந்தத் தை அறுப்பில் களத்தில் அளந்த நெல்லில் ஒரு மரக்கால் குறைந்தது. யாரும் காரணம் சொல்லவில்லை. அப்பா கோட்டைக் கழற்றவுமில்லை.

அம்பேத்கர் சிலைக்கு எதற்குக் கோட்டு, நம்ம சனங்களுக்கு ஏன் அதன்மேல் இத்தனை ஆசை என்று கேட்கிற அறிவாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தத் தடைகளை ஒருமுறை படித்துவிட்டு வந்து கேட்கட்டும்.