ஆளைப் பார்த்துப் படம் சொல்

முப்பத்தொரு வருஷம் நான் சினிமாவை ஒரு சதுர ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். ப்ரொஜக்டர் அறையில் ஒவ்வொரு மிஷினுக்கும் எதிரே சுவரில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். வெளிச்சம் போக ஒன்று, ஆபரேட்டர் எட்டிப் பார்க்க ஒன்று. தேனிப் பக்கம் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் 1979-இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2010-இல் படப்பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் வந்த கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் காலத்து மிஷினில் இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிரே நின்று எரியும். எரிய எரியக் குட்டையாகும். இடைவெளி கூடினால் திரை மங்கிவிடும் என்பதால் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரீல் முடியப் போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினைத் தயாராக ஓடவிட்டு, இரண்டாவது புள்ளியில் மாற்ற வேண்டும். அதனால் எந்தப் படத்தையும் ஆபரேட்டர் ஒரே மூச்சில் பார்த்ததில்லை. துண்டு துண்டாக, ஆனால் நாற்பது ஐம்பது தடவை பார்த்திருப்பான். அத்தனை தடவை பார்த்த பிறகும் ஒரு படம் அலுக்கவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டை வழியாகத் திரை மட்டுமல்ல, கீழே உட்கார்ந்திருப்பவர்களின் தலைகளும் தெரியும். முகம் தெரியாது. படம் பிடிக்காவிட்டால் தலைகள் அசையும், பக்கத்துத் தலையோடு பேசும், அங்கங்கே தீக்குச்சி உரசும், கதவு திறந்து வெளிச்சம் விழும். பெரிய நடிகர் படத்தில் சண்டைக்கும் பாட்டுக்கும் எழுந்து ஆடுகிற அதே கூட்டம், அம்மாவும் மகனும் பேசும் காட்சியில் முறுக்கு வாங்க வெளியே போகும். வசூலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் தலைகளைத்தான் நம்பினேன்.

பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-இல் வந்தது. எங்கள் தியேட்டரில் நாலே நாள் ஓடியது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், ஆபீஸுக்குப் போகும் ஒரு பெண் கடன் வாங்கிச் சொந்தமாக வீடு கட்டப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். பாட்டு கிடையாது. இளையராஜா ஏற்கெனவே வெளியிட்டிருந்த இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணிக்கு வைத்திருந்தார்கள். கடைசி நாள் இரண்டாம் ஆட்டத்துக்கு வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். படத்தில் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்கத் தனியாக வருவார். பேச்சே இல்லாத காட்சி. பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அந்த நேரம் கீழே முப்பது தலைகளும் அசையவில்லை. எனக்குக் கார்பன் ஞாபகமே இல்லை. திரை மங்கிய பிறகுதான் கை திருகைத் தேடியது. மங்கியதற்கு ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. என் சர்வீஸில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

சின்னப் படங்களுக்கு நேர்வது இதுதான். அப்போது ஒவ்வொரு பிரதிக்கும் தனியாகச் செலவு என்பதால் சில பிரதிகளே போடுவார்கள். நம் ஊருக்கு வருவதற்குள் விளம்பரம் கிழிந்திருக்கும். இப்போது பிரதிச் செலவு போய்விட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஒரு காட்சி கொடுத்து, ஆள் வரவில்லை என்று மறுவாரம் தூக்கிவிடுகிறார்கள். நல்ல படம் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி அவர் கிளம்புவதற்குள் படம் இருக்காது. அதனால்தான் படம் சொல்வதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுபத்திரண்டு வயதில் நான் இன்னும் செய்து முடிக்காத வேலை அது.

காசு இல்லாதவர் படம் எடுக்கும்போது கதையைத் தவிர அவருக்கு வேறு பிடிமானம் கிடையாது. வெளிநாட்டில் பாட்டு எடுக்க முடியாது, நூறு கார் உடைக்க முடியாது. ஒரு லாரி, ஒரு சந்து, ஒரு வெயில் என்று ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்த ஒன்று விசித்திரமாக இருந்தால் அதிலிருந்தே படம் கிளம்பிவிடும். இரண்டு சாதிக்காரர்களும் சரிசமமாகப் பிரிந்து நிற்கும் ஊரில், எல்லாரும் கேவலமாக நடத்திய முடிதிருத்தும் ஆளின் ஒரே ஓட்டு தேர்தலைத் தீர்மானிக்கும் என்றால்? அது மடோன் அஸ்வினின் 'மண்டேலா'. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கிரிக்கெட் விளையாடப் போன மாப்பிள்ளைக்குத் தலையில் அடிபட்டு, கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணே ஞாபகம் இல்லாமல் போனால்? அது 2012-இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. யாரோ கற்பனை செய்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே நடந்த விஷயம் என்று பிறகு தெரிந்தது. பின்னால் '96' எடுத்தவர் அவர்தான். ஃபோட்டோ எடுத்தால் செத்துப்போவோம் என்று நம்பும் ஊர் 'முண்டாசுப்பட்டி'. இவற்றுக்கெல்லாம் பாட்டன் என்று நான் சொல்வது 1977-இல் ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை'. ஒரு பேராசிரியர் கழுதைக் குட்டியை வளர்க்கக் கொண்டுபோய் அக்ரஹாரத்தில் விடுகிறார். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தேசிய விருது வாங்கிய அந்தப் படத்தை தூர்தர்ஷன் ஒளிபரப்பப் போகிறது என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிட்டது. கழுதையை வைத்து எடுத்த சின்னப் படத்துக்கு அத்தனை பயந்தார்கள்.

படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த புதிதில் நான் விருதிலிருந்து தொடங்குவேன். "தேசிய விருது வாங்கின படம்ப்பா" என்பேன். கேட்பவர் முகம் சுண்டிவிடும். விருது என்றாலே மெதுவாகப் போகும், அழவைக்கும், பாடம் நடத்தும் என்று மக்கள் மனதில் பதிந்துபோயிருக்கிறது. பிறகு முழுக் கதையையும் சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் தப்பு. கதை தெரிந்துவிட்ட திருப்தியில் படத்தைப் பார்க்கவே மாட்டார்கள். கடைசியில்தான் வழி பிடிபட்டது. முதல் முடிச்சை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "குடிசையில இருக்கிற ரெண்டு பொடிப் பசங்களுக்கு பீட்சா தின்ன ஆசை. ஒரு பீட்சா முந்நூறு ரூபா. தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விக்கிறாங்க." இதற்கு மேல் 'காக்கா முட்டை'யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் மகன் கேட்டதை வாங்கித்தர முடியாமல் அவனை அடித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவர் இருந்தார். அவருக்குத்தான் முதலில் சொன்னேன். குடும்பத்தோடு பார்த்துவிட்டு மறுநாள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் மகனைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார்.

ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை நான் கற்ற விதம் நல்ல விதம் இல்லை. எனக்கு நாற்பது வருஷ சிநேகிதர் ஒருவர். பள்ளி வாத்தியாராக இருந்தவர், தியேட்டரில் என் அறைக்கே வந்து படம் பார்க்கிற அளவுக்குப் பழக்கம். ஒருநாள் அவரைக் கூப்பிட்டு பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' பார்க்கச் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று மூன்று தடவை கேட்டேன். மனைவியை இழந்த கிராமத்துப் பெரியவர் பட்டணத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்து தங்குகிறார். வசதியில்லாத வீடு. அவர் முதியோர் இல்லம் போய்ச் சேர்வது வரை அந்தப் படம் நம்மைக் கூட்டிப்போகும். யாரையும் கெட்டவர் என்று அது சொல்லாது. அதனால்தான் இன்னும் வலிக்கும்.

சிநேகிதர் தன் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவிக்கு முதுகெலும்பு ஆபரேஷன், தொண்ணூறு வயது அப்பாவைத் தூக்கி இறக்க ஆள் இல்லை. வேறு வழி இல்லாமல் செய்த காரியத்தைக் குத்திக்காட்டத்தான் நான் அந்தப் படத்தைச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. விஷயம் தெரிந்து அவர் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நின்றேன். "உனக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும்டா. ஆனா நீ மூணு தடவை கேட்ட" என்றார். அந்த மூன்று தடவையை இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. படம் நல்ல படம்தான். நான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு படம் கேட்டு வருபவரிடம் முதலில் சாப்பிட்டாச்சா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றுதான் கேட்கிறேன். பதிலில் பாதி கிடைத்துவிடும். வேலை போய் மனம் நொந்து வந்த பையனுக்கு அழுகைப் படம் சொல்லக்கூடாது. அவனுக்கு 'சூது கவ்வும்' சொல்லலாம், கொஞ்சம் சிரிக்கட்டும். ஊரில் நிலத்தை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் குடியேறியவருக்கு மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. செத்துக்கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக ஒரு கிழவர் கோர்ட்டுக்குப் போக வேண்டி வருகிறது. அவராக நடித்த நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. படம் 2022-இல் வெளியாகும் முன்பே இறந்துபோனார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு அவருக்குப் பிறகுதான் வந்தது. அவர் விதையைக் கையில் வைத்துக்கொள்வதைப் பாருங்கள். நடிப்புப் பள்ளி எதுவும் அதைச் சொல்லித்தர முடியாது.

எங்கள் மலையைப் பற்றிய படம் என்பதால் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறும். ஏலக்காய் மூட்டை சுமக்கிறவனுக்குக் கையகலம் நிலம் வாங்க ஆசை. அதற்கு மேல் சொல்லமாட்டேன். கடைசியில் கேமரா மேலே மேலே போகும், அப்போது மட்டும் ஃபோனைத் தொடாதீர்கள்.

'கூழாங்கல்' எல்லாருக்கும் சொல்லும் படம் அல்ல. வினோத்ராஜ் எடுத்த முதல் படம், 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகார அப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியைத் தேடிப் போகிறான். வெயிலில் நடக்கிறார்கள். இயக்குநரின் சகோதரி கைக்குழந்தையோடு வெயிலில் மைல்கணக்காக நடந்து பிறந்த வீடு வந்து சேர்ந்ததுதான் இதற்கு விதை. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் காடு முழுக்க அதில் இருக்கிறது. பையன் தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்வான். சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போனபோது நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம். ஐம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் கல்லின் ருசி திடீரென்று நாக்கில் வந்தது. இந்தப் படத்தைச் சொல்வதென்றால் ராத்திரியில் வேண்டாம், பகலில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்பேன். சிலர் நிஜமாகவே நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு கொத்தனார் இருக்கிறார். சாதாரணமாகப் படம் பார்க்க மாட்டார், பாதியில் தூங்கிவிடுவார். மழை பெய்து வேலை இல்லாத ஒருநாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தவரை உள்ளே கூப்பிட்டு, டிவியில் 'வீடு' போட்டேன். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிஷம் கூட உட்கார்வது சொல்பவனின் கடமை. அஸ்திவாரம் தோண்டும் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அண்ணே, இது செட்டு இல்ல. நெசமாவே கட்டுறாங்க" என்றார். உண்மைதான், படத்துக்காக ஒரு வீட்டையே கட்டிக்கொண்டே எடுத்த படம் அது. நாலு நாள் ஓட்டிய எனக்கு அது யாரோ சொல்லித்தான் தெரியும். அவருக்குக் கண்ணிலேயே தெரிந்துவிட்டது. சிமெண்ட் திருட்டு வெளிப்படும் இடத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "அந்தச் சித்தாளுப் பொண்ணு சொல்றது அம்புட்டும் நெசம்ணே. நான் மேஸ்திரிகிட்ட இருந்தப்ப இதே மாதிரி நடந்துச்சு, நான் வாயத் திறக்கல" என்றார். படம் முடிந்த பிறகும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசினார்.

போன மாதம் அவரே வந்தார். கையில் மகளின் ஃபோன். சாக்கைத் திண்ணையில் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு படம் பாத்தேன். கல்யாணமான புதுசு, குலசாமிக்குக் கிடா வெட்ட ஊரே ஒரு லாரியில ஏறிக் கெளம்புது. இதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

'ஒரு கிடாயின் கருணை மனு'. 2017-இல் வந்தது. சுரேஷ் சங்கையா எடுத்தது. அவர் 2024-இல் காலமாகிவிட்டார். அந்தச் செய்தியை மட்டும் படித்திருந்தேன், படத்தைப் பார்க்காமலே விட்டிருந்தேன்.

"நீங்க சௌக்கியந்தானே?" என்று கேட்டார் கொத்தனார். "மனசு கினசு சரியில்லன்னா சொல்லுங்கண்ணே, இன்னொரு நாள் பாப்போம்."

சௌக்கியம்தான் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் ஃபோனைச் சொம்பின் மேல் சாய்த்துவைத்தார். லாரி கிளம்பியது.