ஐந்து காசுக் காவல்

(இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

எங்கள் ஊர் பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூர். எங்கள் தெருவில் கல்லூரிக்குச் செல்பவன் நான் ஒருவனே. மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் யாரேனும் கைப்பேசியை நீட்டி, "என்னான்னு பாத்துச் சொல்லு தம்பி" என்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்த கடன் விளம்பரமாக இருக்கும்.

ஒருநாள் எதிர்வீட்டுச் சின்னம்மாவுக்கு, வங்கிக் கணக்கு முடங்கப்போவதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. அன்று நான் ஊரில் இல்லை. பதறிப்போய்க் களையெடுப்பை விட்டு வங்கிக்கு ஓடியிருக்கிறார். அது பொய்ச் செய்தி. ஒரு நாள் கூலி போயிற்று. "கண்டவனும் அனுப்பறானே, கேக்க ஆளே இல்லையா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை, தேடிப் படித்தேன்.

ஆள் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2010-லும் பின்னர் 2018-லும் இதற்கு விதிகள் செய்தது. பிந்தைய விதிகளின்படி, நடைமுறைகளை வகுத்துக் காவல் காக்கும் பொறுப்பு தொலைபேசி நிறுவனங்களிடமே விடப்பட்டது. வணிகச் செய்தி அனுப்புவோர் தம் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்னரே பதிய வேண்டும். 2021 மார்ச் 8 அன்று இச்சோதனை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, வங்கிகளின் கடவுச்சொற்களும் நாடெங்கும் தடைபட்டன. மறுநாளே டிராய் அதனை ஏழு நாட்களுக்கு நிறுத்தி வைத்தது.

காவலுக்குக் கூலியும் உண்டு. பதிவுக்குச் சில நிறுவனங்கள் 5,000 ரூபாயும் வரியும் பெறுகின்றன. செய்தியைக் கொண்டு சேர்க்கும் நிறுவனம், அனுப்பும் நிறுவனத்திடம் ஒன்றுக்கு 5 காசு வரை பெறலாம். பெரிய வணிகருக்கு இது கொசுக்கடி. தையல் வகுப்பு நடத்தும் எங்கள் ஊர் அக்காவுக்கோ 5,000 ரூபாய் என்பது மலை.

சின்னம்மாவுக்கு வந்த செய்தி எதன் வழியாக வந்தது? சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து! தொப்பூர்ச் சுங்கச்சாவடியில் நேர்மையான வண்டி காசு கட்டி நிற்க, திருடன் காட்டுவழியே நடந்து போனதைப் போல.

நிறுவனங்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்வதை நான் குறை கூறவில்லை. ஆனால் காவல் காப்பவரே கட்டணமும் பெறும்போது, கணக்குக் கேட்க மக்களும் விழித்திருக்க வேண்டாமா? 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரித் திருத்தம் அதற்கான கெடுவை மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக்கியது. அனுப்புவோர் பெயரின் இறுதியில் ஆங்கில எழுத்து ஒன்றும் வர வேண்டும்: 'பி' விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பணப் பரிமாற்றம், 'ஜி' அரசு.

இப்போது நான் செய்தியைப் படித்துச் சொல்வதோடு நிற்பதில்லை. அந்தக் கடைசி எழுத்தையும் காட்டுகிறேன். "கொக்கி போட்ட எழுத்து வந்தா கவருமெண்டு" என்று சின்னம்மா கற்றுக்கொண்டுவிட்டார். நண்பர்களே, உங்கள் தெருவிலும் ஒரு சின்னம்மா இருப்பார்.