நானும் ஒரு நிலக்கரி வண்டியும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

அஞ்சல் தலை சேர்ப்பது, கவிதை எழுதுவது, பந்தாடுவது என்று மதிப்பிற்குரிய பொழுதுபோக்குகள் பல உண்டு. என் பொழுதுபோக்கைக் கேட்டவர்கள் மட்டும் முதலில் சிரித்துவிட்டுத்தான் மறுவார்த்தை பேசுவார்கள். கணிப்பொறித் திரைக்குள் நான் ஓர் இருப்புப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன். சேலத்தில் தொடங்கி மேக்னசைட் சந்திப்பு, ஓமலூர், தொளசம்பட்டி, மேச்சேரி ரோடு வழியாக மேட்டூர் அணை வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தப் பாதையில் நிலக்கரி ஏற்றிய ஒரு சரக்கு வண்டியை உள்ளது உள்ளபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதே என் ஆசை.

"அழகான ரயில்கள் எத்தனையோ இருக்க, கரி வண்டி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கு விடையாகவே இக்கட்டுரை.

நான் நாமக்கல்காரன். எங்கள் ஊர் லாரிக்குப் பெயர் போனது, ரயிலுக்கு அன்று. சேலம்–கரூர் பாதை திறக்கப்பட்டு நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013 மே மாதத்தில்தான். அப்போது எனக்கு எட்டு வயது. நாற்பது லாரிகள் வரிசையாக நிற்பதைத் தினமும் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரே எஞ்சினுக்குப் பின்னால் அத்தனை பெட்டிகள் போவது பெரிய வியப்பாக இருந்தது. அந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001-இல் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அந்த விளையாட்டுக்காக உருவான பாதைகளையும் வண்டிகளையும் இயக்கும்படி, ஆர்வலர்கள் கூடிப் பின்னாளில் 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருளை அமைத்தார்கள். அதில் வண்டி ஓட்டுவது ஒரு வேலை. பாதை போடுவது வேறு வேலை. பாதை போடுகிறவனுக்கு மண், மலை, தண்டவாளம், சிக்னல், மரம், வீடு என எல்லாவற்றையும் படைக்கும் பிரமன் பதவி கிடைத்துவிடுகிறது. ஆனால் 'உள்ளபடி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால், பிரமன் உடனே குமாஸ்தா ஆகிவிடுகிறான்!

முதலில் நிலம் வேண்டும். அதற்கு விண்வெளி ஓடம் ஒன்று உதவியது. 2000 பிப்ரவரியில் 'எண்டெவர்' ஓடம் பதினோரு நாட்கள் பூமியைச் சுற்றி, ராடார் மூலம் நில உயரங்களை அளந்தது. அந்த அளவுகள் முப்பது மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. சேர்வராயன் மலையும் ஓமலூர்ச் சமவெளியும் சில நிமிடங்களில் திரையில் எழுந்துவிட்டன. ஆயினும் ராடாருக்குத் தென்னந்தோப்பின் உச்சியும் தரையும் ஒன்றுதான். அந்த அளவை நம்பித் தண்டவாளம் போட்டால், பாதை கடல் அலைபோல் ஏறி இறங்கும். உண்மையில் அன்றைய பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரவி, சீரான சரிவாக அல்லவா போட்டிருக்கிறார்கள்? ஆகவே பயணிகள் வண்டியில் சன்னலோரம் அமர்ந்து, பாதையோரச் சரிவுப் பலகைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே பலமுறை போய் வந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, ரயில்வேயில வேலையா?" என்று மரியாதையுடன் விசாரித்தார்.

அடுத்தது பச்சை. மென்பொருளோடு வரும் மரங்கள் பெரும்பாலும் பைன் மரங்கள்; ஆடுகள் வெள்ளைக் கம்பளி ஆடுகள். ஓமலூரில் பைன் மரம் நின்றால் ஊர் சிரிக்காதா? பனை, வேம்பு, தென்னை, தண்டவாளத்தை ஒட்டிச் சீமைக்கருவேலம், அப்பால் மரவள்ளிக் காடு என ஒவ்வொன்றாக வரைந்து நட்டேன். மேச்சேரி ஆடு தனி இனம் என்பது நாடறிந்தது. அதன் குட்டை மயிரையும் பழுப்பு நிறத்தையும் கொண்டுவர மூன்று இரவுகள் ஆயின. மேக்னசைட் சந்திப்பின் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களின் மண்மேடுகள் வெளுத்துக் கிடக்கும். அந்த வெண்மேடுகளைத் தாண்டி வண்டியில் கரி போகும் காட்சியை எந்த ஓவியன் கற்பனை செய்திருப்பான்?

இனி வண்டிக்கு வருவோம். நண்பர்களே, இந்தக் கரி எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒடிசா மாநிலத்துத் தால்ச்சர் பகுதிச் சுரங்கங்களில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்திற்குக் கொண்டுபோய், கப்பலில் எண்ணூரில் இறக்கி, மீண்டும் ரயிலில் ஏற்றி, காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேட்டூருக்குக் கொண்டு வருகிறார்கள். ஒரு வண்டியில் 58 வேகன்கள். நீளம் 600 மீட்டருக்கு மேல். வேகனுக்குச் சுமார் 65 டன் என்று வைத்தால் நிலக்கரி மட்டும் ஏறத்தாழ 3,770 டன். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் இருநூறு லாரி லோடு!

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் முதல் நான்கு அலகுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட், 1987 முதல் 1990 வரை இயங்கத் தொடங்கின. 600 மெகாவாட் அலகு 2013-இல் சேர்ந்தது. ஆக மொத்தம் 1,440 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்திற்கு 700 கிராம் நிலக்கரி என்று கொண்டால், முழுத் திறனில் ஓடும் நாளில் இத்தகைய வண்டிகள் ஆறுக்கு மேல் வேண்டும். நம் விடுதி அறையில் சுழலும் மின்விசிறிக்குப் பின்னால் இவ்வளவு பாரம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பாரத்தை எனக்குப் புரிய வைத்தவர் என் தந்தை. அவர் இருபத்தைந்து ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். வட இந்தியா போனால் திரும்ப இருபது நாள் ஆகும். வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று நாட்களிலும், "சாப்பிட்டியா?", "ஃபீஸ் கட்டியாச்சா?" என்ற இரு கேள்விகளோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். கணிப்பொறி முன் நான் இரவெல்லாம் அமர்ந்திருப்பதை அவர் விரும்பியதில்லை. ஒருநாள் நான் வண்டி ஓட்டுவதை அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். இணையத்தில் கிடைத்த வேகன்களைக் கோத்து ஓட்டிய வண்டி, பிரேக் போட்டதும் சட்டென்று நின்றது.

"ஏங்கண்ணு, பாரம் ஏத்துன வண்டி இப்பிடியா நிக்கும்? கடைசிப் பொட்டி வரைக்கும் காத்து போய்ச் சேர வேண்டாமா?" என்றார்.

"ரயிலுக்கும் காத்துப் பிரேக்குதானுங்கப்பா" என்றேன்.

"அப்பறம்? காத்து எறங்குனாத்தான பிரேக் புடிக்கும்? அம்புட்டு நீளத்துக்கு எறங்க நேரமாகுமில்ல?"

பாடப் புத்தகத்தில் நான் படித்ததைச் சாலையில் படித்தவர் சொன்னார். சரக்கு வண்டியின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கும். ஓட்டுநர் அதைக் குறைத்தால் பிரேக் பிடிக்கும். ஆனால் அந்தச் செய்தி 600 மீட்டர் கடந்து கடைசி வேகனைச் சேரச் சில நொடிகள் ஆகும். அதற்குள் முன் வேகன்கள் மெதுவாகிப் பின் வேகன்கள் வந்து முட்டும். அன்றிரவு அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு என் அருகில் அமர்ந்தார். இருவருமாகக் கணக்குப் போட்டோம். வேகன்களின் சொந்த எடையும் சேர்ந்தால் வண்டி 5,000 டன். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் வந்தால் ஏறத்தாழ 50 டன் விசை பின்னுக்கு இழுக்கும். டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சினின் தொடக்க இழுவிசை 460 கிலோநியூட்டன், அதாவது 47 டன். ஒற்றை எஞ்சின் அந்த ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்பாது. "அதான் மலையில பின்னால ஒரு எஞ்சினப் போட்டுத் தள்றாங்க" என்றார் அப்பா. எங்களிடையே அவ்வளவு நீண்ட பேச்சு அதற்குமுன் நடந்ததில்லை.

ஆனால் திரையில் பாரம் என்பது வெறும் எண்தான். 2024 டிசம்பரில் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி சேமிப்புத் தொட்டி சரிந்து, இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். செய்தியை வாசித்த அன்று என்னால் பாதை வேலையைத் தொடர முடியவில்லை. வேகனின் எடைக்கு நான் தட்டச்சு செய்த எண், அங்கே மனிதர் மேல் விழும் பாரம். அதன்பின் ஒரு முடிவு செய்தேன். என் பாதையில் பாதையாள் இருப்பார். கேட் காப்பவர் இருப்பார். கரி இறக்கும் இடத்தில் ஆட்கள் இருப்பார்கள். மின் நிலையத்தை ஒட்டிய மரங்களின் இலைகளில் கரும்பொடியும் சாம்பலும் படிந்திருக்கும். "அசிங்கமாக இருக்கிறதே" என்றான் ஒரு நண்பன். பளிச்சென்ற பச்சை வைத்தால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்தான்; ஆனால் அது மேட்டூராக இருக்காது.

வண்டியும் விரைந்து ஓடாது. எக்ஸ்பிரஸ் போக வேண்டுமென்றால் சரக்கு வண்டி பக்கப் பாதையில் ஒதுங்கிக் காத்திருக்கும். என் விளையாட்டில் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி இருபது நிமிடம் சும்மா இருக்க நேரிடும். நாட்டுக்கு வெளிச்சம் தரும் கரிக்கு வழியில் கடைசி இடம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1925 முதல் 1934 வரை மேட்டூர் அணை எழுந்தது. அந்தக் கட்டுமானத்திற்காக வந்த பாதையே இன்று நிலக்கரி சுமக்கிறது. பழைய நான்கு அலகுகளுக்கும் முப்பத்தைந்து வயது கடந்துவிட்டது. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகும் காலத்தில், இந்தக் கரி வண்டிகள் என்றென்றும் ஓடும் என்று யார் சொல்ல முடியும்? அணைக்காகக் கல்லும் சாமானும் சுமந்த வண்டிகள் எப்படி ஓடின என்பதைக் காட்ட நம்மிடம் எதுவும் இல்லை. கரி வண்டிகளுக்காவது ஒரு சாட்சி இருக்கட்டும்.

ஓமலூர் வரை பாதை முடிந்துவிட்டது. தொளசம்பட்டி, மேச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் தோழர் தோழியர் நம் கல்லூரியில் உண்டு என்பதை அறிவேன். உங்கள் ஊர் ரயில் கேட்டருகே நிற்பது புளியமரமா, வேம்பா? டீக்கடை பாதைக்கு எந்தப் பக்கம்? கரி வண்டி போகும்போது வீட்டுப் பாத்திரங்கள் அதிருமா? இடைவேளையில் இயற்பியல் துறைப் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். குறிப்பேட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.