அத்தை சொன்ன பேர்

எங்க ஊர் அல்லிநகரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு சினிமாக் கதை மேல்தான் விழ வேண்டும். பாரதிராஜா பிறந்த மண் ஆச்சே! '16 வயதினிலே' 1977-ல் வந்தாலும் வந்தது, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சதுரமாக வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் ஊரைப் பார்க்காத இளவட்டமே எங்க பக்கம் கிடையாது. நானும் பார்த்தவன்தான். ஆனால் போய்ச் சேர்ந்தது கோடம்பாக்கம் இல்லை. மதுரையில் ஒரு ஆபீஸின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்!

சினிமாக் கிறுக்கு மட்டும் விடவில்லை. போன மாசம் எங்க ஆபீஸ் ஜூனியர் பையன் ஒருத்தன், "சார், பேய்ப் படத்துக்கெல்லாம் தாத்தா ஒண்ணு இருக்கு. 1922-ல எடுத்தது. தனியா பார்க்காதீங்க" என்று உசுப்பேற்றிவிட்டான். படத்தின் பேர் 'ஹெக்சான்'. சூனியக்காரி என்று அர்த்தம். டென்மார்க்காரர் பெஞ்சமின் கிறிஸ்டென்சன், ஸ்வீடன் கம்பெனி பணத்தில் எடுத்தது.

சனிக்கிழமை ராத்திரி போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "கலரும் இல்லை, சத்தமும் இல்லை... டி.வி. ரிப்பேரா?"

"ஊமைப் படம்டி."

"நல்ல படந்தான். நீங்களும் அப்படியே இருந்தா வீடு நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

விசித்திரமான படம் சார். முதல் பாகம் சுத்தமாகப் பள்ளிக்கூடம். பழைய படங்களைக் காட்டி, வாத்தியார் மாதிரி குச்சி வைத்து விளக்குகிறார்கள். கொட்டாவி விடும் நேரத்தில் பூதமும் பிசாசும் இறங்குகின்றன பாருங்கள்! கிழவிகள் துடைப்பத்தில் ஏறி ஊருக்கு மேலே பறக்கிறார்கள். சாத்தான் நாக்கைத் துருத்தி ஆட்டுகிறான். சாத்தானாக வேஷம் கட்டியவர் வேறு யாருமில்லை, டைரக்டரேதான். ஒரு காட்சியில் சூனியக்காரிகள் வரிசையில் நின்று சாத்தானின் பின்பக்கத்தில் முத்தம் கொடுக்கிறார்கள். இன்க்ரிமென்ட் சமயத்தில் மேனேஜர் ரூம் வாசல் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கதையில் ஒரு அச்சுக்காரன் காய்ச்சலில் விழுகிறான். ஒருத்தன் வந்து ஈயத்தை உருக்கி ஊற்றி, அது எப்படி உறைகிறது என்று பார்த்து, "இது செய்வினை" என்கிறான். (நம்ம ஊரில் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பார்களே, அதேதான்.) யார் செய்தது? அந்த நேரம் பார்த்து அடுப்படியில் கஞ்சி கேட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் ஒரு ஏழைக் கிழவி. போச்சு! இழுத்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்கிறார்கள். வலி தாங்காமல், "ஆமா, நான்தான்" என்கிறாள். அதோடு விடவில்லை. "இன்னும் யார் யாரு, சொல்லு." அவளும் பேர் பேராகச் சொல்கிறாள். அந்தப் பேர்க்காரிகளைப் பிடிக்கிறார்கள். அவர்கள் வேறு பேர்களைச் சொல்ல வேண்டும். சங்கிலி அறுவதே இல்லை.

கடைசிப் பக்கத்தில் கட்டைவிரலை நசுக்கும் கருவி ஒன்று வருகிறது. தன் நடிகை ஒருத்தி விளையாட்டாக, "எனக்கு மாட்டிப் பாருங்களேன்" என்றாளாம். ஒரு நிமிஷத்துக்குள் அவளிடமிருந்து என்னென்ன வாக்குமூலம் கறந்தேன் என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்கிறார் டைரக்டர்!

அங்கேதான் எனக்கு எங்க அத்தை ஞாபகம் வந்தது.

1986. நான் ஆறாங்கிளாஸ். அத்தைக்குப் பிறந்த குழந்தை பதினோராம் நாள் தவறிப்போனது. அதற்கப்புறம் அத்தை சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ராத்திரியில் எழுந்து வெறும் தொட்டிலை ஆட்டும். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். கோடாங்கி வந்தார். உடுக்கைச் சத்தத்தில் தெருவே எங்க வாசலில் கூடிவிட்டது. முடியைப் பிடித்துக்கொண்டு வேப்பங்குழையால் அடி. குழை ஓய்ந்ததும் சாட்டை.

"யாரு ஏவி விட்டது? பேரைச் சொல்லு!"

முதலில் அத்தை அழுதது. அப்புறம் கும்பிட்டது. கடைசியில் ஒரு பேரைச் சொன்னது. எங்க தெருக்கோடியில் இட்லி சுட்டு விற்ற, யாருமில்லாத ஒரு அம்மாவின் பேர்.

அதைத் தெரு முழுக்க ஓடிப்போய்ச் சொன்னவன் யாரு தெரியுமா? அடியேன்தான். ஏதோ 'பதினாறு வயதினிலே' கிளைமாக்ஸைச் சொல்வதுபோல மூச்சிரைக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் இட்லிச் சட்டி முன்னால் ஒரு ஆள் இல்லை. யாரும் அந்த அம்மாவை அடிக்கவில்லை, வையவில்லை. பார்த்தால் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பத்து நாளில் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார் என்று கேட்பாரும் இல்லை.

அத்தையை அப்புறம் எங்க அம்மாதான் பிடிவாதமாக மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. மாத்திரை, ஊசி, நாலைந்து மாசம். அத்தை பழையபடி ஆகிவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்று இன்றைக்கு நர்ஸ் அம்மாகூட சொல்லிவிடுவார்.

படத்தின் கடைசியில் கிறிஸ்டென்சன் கேட்பதும் இதைத்தான். அன்றைக்குச் சூனியக்காரி என்று எரித்தோமே, அவர்களில் எத்தனை பேர் மனநோயாளிகள்? அவர் சொல்கிற 'ஹிஸ்டீரியா' என்ற வார்த்தையை டாக்டர்கள் இன்று கைவிட்டுவிட்டார்கள். 80 லட்சம் பேர் எரிக்கப்பட்டதாகப் படத்தில் வரும் கணக்கும் தப்பு. ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் 40 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரத்துக்குள் என்கிறார்கள் வரலாற்றுக்காரர்கள். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

ஐரோப்பாக்காரன் கதைதானே என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி கொட்டகை தீப்பிடித்தபோது 28 மனநோயாளிகள் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. பெண்களை 'டாயின்' என்று முத்திரை குத்துவதைத் தடுக்க பீகாரில் 1999-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்படி முத்திரை குத்தி விரட்டப்பட்ட ஜார்கண்டின் சுட்னி மஹதோ, தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றக் கிளம்பி 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. படக்கதையைச் சொன்னேன்.

"அந்தக் கெழவிய என்னடா பண்ணாய்ங்க?"

"எரிச்சுட்டாய்ங்க அத்தை."

கீரை ஆய்ந்த கை நின்றது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலாக நான் கேட்காத கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன். "அன்னிக்கு ஏன் அத்தை அந்த இட்லிக்காரம்மா பேரைச் சொன்னே? அவங்க மேல ஏதும் கோபமா?"

"கோபமா? அடப்பாவி... புள்ள போனதுக்கப்புறம் தெருவுல ஒருத்தி என்கிட்ட பேசல. அவ மட்டுந்தான் அன்னிக்குக் காலையில வந்து, 'ரெண்டு இட்லி தின்னுத்தா'ன்னு கையில வச்சுட்டுப் போனா. அடி விழுகவும் அந்த மொகந்தான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. அந்தப் பேருதான் வாயில வந்துச்சு."

அத்தை மறுபடி கீரை ஆய ஆரம்பித்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். ரெண்டு பேரும் வெகு நேரம் பேசவில்லை.