ஆறு சிலிண்டர் மூச்சு

அமெரிக்க ஆல்கோ நிறுவனத்து டீசல் எஞ்சின் என்றால் எல்லாம் ஒரே சத்தம்தான் என்று மாதிரி ரயில் கட்டுபவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அமெரிக்க ரயில்களை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். அகலப்பாதை டபிள்யூடிஎம்-2 செய்து வைத்திருக்கும் என் நண்பர்களும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் தாய்மாமா ஓட்டியது மீட்டர்கேஜ் ஒய்டிஎம்-4. திருச்சியிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, மண்டபம், பாம்பன் என்று ராமேஸ்வரம் வரைக்கும் ஓட்டியிருக்கிறார். பள்ளி விடுமுறைக்குப் பொன்மலைக்குப் போனால், ராத்திரி ஷெட் பக்கமிருந்து வரும் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவோம். அகலப்பாதை வண்டியின் சத்தம் வேறு, இது வேறு என்பது அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். என்ன வேறுபாடு என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

பிற்பாடு, 87-இல் 1 பங்கு அளவில் ஓர் ஒய்டிஎம்-4 செய்ய ஆரம்பித்தேன். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். 12 மி.மீ. தடத்தில் ஓடும் ஆறு அச்சு ஜெர்மன் டீசல் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு, மேல்கூட்டைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். உள்ளே வைக்க ஒரு ஒலி டிகோடர் வாங்கினேன். பெட்டி மேல் ‘ஆல்கோ 251’ என்று அச்சிட்டிருந்தது. ஒய்டிஎம்-4-இல் இருப்பதும் ஆல்கோ 251 எஞ்சின்தான்.

பொம்மை ரயிலுக்குச் சத்தம் புதிதல்ல. 1935-லேயே அமெரிக்காவின் லயனல் நிறுவனம் ரயிலுக்குள் விசில் வைத்து விற்றது. ஆனால் அது ஏதோ ஒரு ரயிலின் விசில். எந்த எஞ்சின், எத்தனை சிலிண்டர் என்று கேட்கும் உரிமையை நமக்குக் கொடுத்தது டிஜிட்டல் டிகோடர். 1980களின் கடைசியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் எல்லாருக்குமான தரமாக்கியது. தண்டவாளத்தில் மின்சாரம் எந்நேரமும் முழுதாக இருக்கும். கட்டளைகள் அதன் மேலேயே ஏறி வரும். ஓர் அரைத்துடிப்பு 58 மைக்ரோ செகண்ட் நீடித்தால் அது ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் பூஜ்யம். இதைப் படித்து மோட்டாரைச் சுழற்றுவதும் விளக்கைப் போடுவதும் சத்தத்தை எழுப்புவதும் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கும் டிகோடரின் வேலை.

பொருத்துவது பொறுமை கேட்கும் வேலை. மோட்டாரின் இரண்டு முனைகளும் உலோகச் சட்டத்தைத் தொடவே கூடாது. தொட்டால் டிகோடர் கருகிவிடும். பழைய அடிப்பாகங்களில் ஒரு முனை சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அதைப் பிரித்து, கேப்டன் டேப் சுற்றி, மல்டிமீட்டரை வைத்து பீப் சத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்க, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொது. ஸ்பீக்கரை மட்டும் நான் அவசரப்படாமல் வைப்பேன். அது கால் பங்கு பிஸ்கட் அளவுதான் இருக்கும். அதன் பின்பக்கம் காற்றுப் புகாத ஒரு சிறு கூடு வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் போகும் ஒலியலை முன்னால் வருவதை அடித்துவிடும். ஈ பறப்பதுபோல் ஒரு ரீங்காரம்தான் மிஞ்சும். நான் அதை டீசல் டேங்க் இருக்கும் இடத்தில், தண்டவாளத்தைப் பார்த்து ஒலிக்கும்படி வைத்தேன்.

மாமாவுக்கு முன்னால் வைத்து ஸ்டார்ட் செய்தேன். எண்பதைத் தாண்டியவர், ஆனால் காது கூர்மை. கொஞ்ச நேரம் கேட்டார்.

“நல்லாருக்கு மாப்ள. யார் வண்டி இது?”

“உங்க வண்டிதான் மாமா. ஒய்டிஎம்-4.”

“இல்ல. இது பெரிய வண்டி.”

சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். எஞ்சினின் வேகப்படியை, அதாவது நாட்ச்சை, ஏற்றினேன். “நீ என்ன செஞ்சாலும் இது பெரிய வண்டிதான். நம்ம வண்டி நிக்கும்போது மூச்சு விட்டு மூச்சு விட்டு நிக்கும். நடுவுல சந்து இருக்கும். இதுல சந்தே இல்லையே.” அதற்குமேல் விளக்கம் கேட்டால் கை விரித்தார். மறுபடியும் போய் வேறு அமைப்பில் போட்டுக் காட்டினாலும் அதே பதில்: சந்து இல்லை. அவர் அப்படித்தான். ஒரு பேரிங் சரியில்லை என்று சொல்லிவிட்டால், ஷெட்டில் ஃபோர்மேன் வந்து சரி என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டாராம்.

டிகோடர் செய்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். 251 எஞ்சினின் சத்தம்தான் என்று பதில் வந்தது. எந்த வண்டியில் பதிவு செய்தது என்பதற்குப் பதில் இல்லை. அப்போதுதான் 251 என்பது ஓர் எஞ்சினின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர் என்பதைக் கவனித்துப் படிக்க ஆரம்பித்தேன். சிலிண்டரின் விட்டம் 9 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் பத்தரை அங்குலம் என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் அந்தச் சிலிண்டர்களை ஆறாக ஒரே வரிசையில் நிறுத்தினார்கள், 12 ஆகவும் 16 ஆகவும் ‘வி’ வடிவத்தில் நிறுத்தினார்கள். டபிள்யூடிஎம்-2-இல் 16. அமெரிக்காவின் ஆர்எஸ்-11-இல் 12. ஒய்டிஎம்-4-இல் வெறும் ஆறு.

காகிதத்தில் கணக்குப் போட்டேன். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். வண்டி சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று என்றால், 16 சிலிண்டரில் வினாடிக்கு 53 வெடிப்பு. 12 சிலிண்டரில் 40. ஆறு சிலிண்டரில் 20. மனிதக் காது ஏறத்தாழ 20-க்குக் கீழே போனால் தொடர் ஒலியாகக் கேட்காது, தனித்தனி அடியாகத்தான் கேட்கும். ஒய்டிஎம்-4 சும்மா நிற்கும்போது அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. மாமா சொன்ன சந்து அதுதான். பெயர் தெரியாமல் அவர் அரை நூற்றாண்டாகக் காதில் வைத்திருந்தது ஒரு கணக்கு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தக் காகிதத்தை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

சரி, ஆறு சிலிண்டர் சத்தம் எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்வியில்தான் நீண்ட நாள் சிக்கிக் கிடந்தேன். ஆல்கோவின் யார்டு எஞ்சின்கள் பெரும்பாலும் ஆறு சிலிண்டர்தான். 1940-இல் வந்த எஸ்-2 அமெரிக்கர்களுக்கு ரொம்பப் பிடித்தமான வண்டி, அதன் ஒலிப்பதிவுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆறு, ஒரே வரிசை, ஆல்கோ. எல்லாம் பொருந்துகிறதே என்று அந்த ஒலியைத் தேடிப் பிடித்து, சுற்றுவேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சந்து வந்தது. ஆனால் மாமா தலையை ஆட்டினார். “சந்து இருக்கு. தொண்டை வேற.” தொண்டை என்றால் என்ன என்பதற்கு அவரிடம் விளக்கம் இல்லை, எனக்கும் பிடிபடவில்லை. எஸ்-2-இல் இருப்பது 251 அல்ல, அதற்கு முந்தைய தலைமுறை 539. சிலிண்டரின் விட்டம் பன்னிரண்டரை அங்குலம், முழு வேகமே நிமிடத்துக்கு 740 சுற்று. பெரிய சிலிண்டர், மெதுவான வெடிப்பு. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் ஒவ்வொரு வெடிப்பும் வேறு. அந்த 539 ஒலியை வைத்துக்கொண்டு நான் மல்லாடியதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகுதான் மாமாவின் காதை நான் முழுசாக நம்பத் தொடங்கினேன்.

வழி திறந்தது ஒரு பொம்மையால். எல்ஜிபி என்ற ஜெர்மன் நிறுவனம் தோட்டத்தில் ஓட்டுகிற பெரிய ரயில்கள் செய்யும். அதன் படம் ஒன்றில் அலாஸ்காவின் ஒயிட் பாஸ் ரயில்வே டீசல் இருந்தது. கீழே மாடல் பெயர்: டிஎல்535ஈ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒய்டிஎம்-4-க்கு ஆல்கோ வைத்த பெயர் டிஎல்535ஏ. இந்தியாவுக்கு 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து, 1968 முதல் வாரணாசியிலேயே செய்யப்பட்ட நம் வண்டியின் கூடப்பிறந்தது அது. 1969-இல் ஆல்கோ மூடியபோதிலும் கனடாவின் மாண்ட்ரியல் ஆலை அதே ஆண்டு ஒயிட் பாஸுக்கு இதைச் செய்து கொடுத்தது. மூன்றடி அகலத் தண்டவாளம், முகம் வேறு, கேபின் வேறு. உள்ளே அதே ஆறு சிலிண்டர் 251.

இந்த மாதிரி வண்டி உலகத்திலேயே நம்மிடம் மட்டும்தான் என்பது எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை. வாரணாசி செய்த மீட்டர்கேஜ் டீசல்கள் வியட்நாமுக்குப் போனதும், மலேசிய ரயில்வே ஒய்டிஎம்-4-களை வாடகைக்கு ஓட்டியதும் தெரிந்த பிறகும் மாமா அந்தக் கதையை விடவில்லை. “அதெல்லாம் நம்ம வண்டிதானே அங்க போச்சு” என்பார். அதனால் அலாஸ்கா என்று சொல்லாமல் ஒயிட் பாஸ் ரயிலின் ஸ்காக்வே மலையேற்ற வீடியோ ஒன்றைக் காதொலிக் கருவியில் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் ஏற ஏற விரலைத் தூக்கினார்: “ரெண்டு... மூணு... இந்தா நாலு.” டர்போ ஊளையிட ஆரம்பித்த இடத்தில் சிரித்தார். “வண்டி நம்மதுதான். ஹார்ன் யாருது?” அலாஸ்கா என்றேன். பனியா, ஏத்தம் எவ்வளவு என்று கேட்டார். இருபது மைலில் கிட்டத்தட்ட 3,000 அடி என்றதும் “அப்ப எட்டாவது நாட்ச்தான், வேற வழி இல்ல” என்று தீர்ப்பு சொன்னார். வீட்டுக் கதை உடைந்ததில் அவருக்குத் துளி வருத்தமில்லை. அந்த டிரைவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்பதுதான் அவர் கவலையாக இருந்தது.

2020 முதல் அந்த ஒயிட் பாஸ் டீசல்களில் சில கொலராடோவின் டுராங்கோ–சில்வர்டன் ரயில்வேக்கு வந்துவிட்டன. ஒலி டிகோடர்களுக்குப் பேர்போன சவுண்ட்டிராக்ஸ் நிறுவனம் இருப்பதும் அதே டுராங்கோ ஊரில். நம் ஒய்டிஎம்-4-இன் சகோதரம் அந்தத் தொழிலின் வாசலுக்கே வந்து நிற்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஆனால் வீடியோவின் சத்தத்தை அப்படியே டிகோடரில் ஏற்ற முடியாது. ஒலியமைப்பு ஒன்றுக்கு ஸ்டார்ட், சும்மா நிற்கும் சத்தம், எட்டு நாட்ச்சும் தனித்தனியே, ஒரு நாட்ச்சிலிருந்து அடுத்ததற்கு ஏறுவதும் இறங்குவதும், நிறுத்துவது என்று ஒவ்வொரு துண்டும் சுத்தமாக, நடுவே பேச்சும் காற்றும் இல்லாமல் வேண்டும். ஜெர்மனியின் ஈஎஸ்யு நிறுவனத்து லோக்சவுண்ட் டிகோடர்களில் நம் சொந்தப் பதிவுகளை ஏற்றலாம். அதற்கென்று ஒரு கருவியையும் மென்பொருளையும் அவர்களே தருகிறார்கள். ஆக, தேவை பதிவு மட்டும்தான். அந்த வண்டி தமிழ்நாட்டில் ஓடுகிற இடமும் எனக்குத் தெரியும். நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கர எஞ்சின் என்றால், குன்னூரிலிருந்து உதகை வரை இழுப்பது ஒய்டிஎம்-4.

அங்கே போய் உட்கார்ந்தேன். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். குன்னூர் நிலையத்தில் வண்டி நிற்கும் சத்தம் அருமையாகக் கிடைத்தது. சும்மா நிற்பதும் முதல் இரண்டு நாட்ச்சும் பதிவாகிவிட்டன. அதற்குமேல் வண்டி ஓடினால்தான் எஞ்சினுக்குப் பாரம். ஓடினால் பெட்டிகளின் சத்தமும் பயணிகளின் கூச்சலும் சேர்ந்துகொள்ளும். ஷெட்டில் எஞ்சினை நிறுத்தி வைத்தே, அது உண்டாக்கும் மின்சாரத்தை லோட் பாக்ஸில் எரித்து, எட்டாவது நாட்ச் வரை ஏற்றிச் சோதிப்பார்கள். ஒலி பதிவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை.

இப்போது என் ஒய்டிஎம்-4 சும்மா நிற்கும்போது நிஜமான ஒய்டிஎம்-4 ஆகத்தான் நிற்கிறது. அந்தச் சிறு ஸ்பீக்கரால் வினாடிக்கு 20 அதிர்வு என்கிற கனமான ஒலியைத் தர முடியாது. சில நூறு அதிர்வுக்குக் கீழே எதுவுமே அதில் சரியாக வராது. ஆனால் ஒவ்வொரு வெடிப்பின் கூர்முனையும் அதில் கேட்கிறது, அடுத்த வெடிப்பு வரும் வரை இருக்கும் இடைவெளியும் கேட்கிறது. மாமா கேட்டுவிட்டு “சந்து இருக்கு, தொண்டையும் சரி” என்றார். இரண்டாவது நாட்ச்சுக்கு மேலே இன்னும் கடன்வாங்கிய சத்தம்தான். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி ஆகவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். 2010-க்கு முன் செங்கோட்டை–புனலூர், மதுரை–போடி மீட்டர்கேஜ் வண்டிகளை வீடியோ எடுத்தவர்கள், கேசட்டில் பதிவு செய்தவர்கள் உங்களில் இருக்கலாம். படம் மங்கலாக இருந்தாலும் பழைய டேப்பை எறிந்துவிடாதீர்கள், அதன் ஒலியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். குன்னூர், உதகை போகிறவர்கள் கேத்திப் பக்கம் ஏற்றத்தில் தண்டவாளத்துக்கு எட்ட, பத்திரமான இடத்தில் நின்று, காற்று படாமல் கைபேசியைத் துணியால் மூடி, வண்டி கடந்து போகும் வரை பேசாமல் பதிவு செய்யுங்கள். நான்காவது நாட்ச்சுக்கு மேலே பத்து வினாடி சுத்தமாகக் கிடைத்தால் போதும்.